அத்திப்பழப் பருவம்: வாங்கிய மூன்று நாளுக்குள் என்னென்ன செய்யலாம்

உலர்ந்த அத்தியை மட்டுமே தின்று பழகியவர்களுக்குப் புதுப் பழம் கையில் கிடைத்தால் சின்னக் குழப்பம் வரும். தோலை உரிக்க வேண்டுமா? உள்ளே இருக்கும் பொடி விதைகளை எடுக்க வேண்டுமா? இரண்டும் வேண்டாம். காம்பைக் கிள்ளிவிட்டு அப்படியே கடித்துத் தின்னலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மரத்திலிருந்து பறித்த பிறகு அத்தியில் இனிப்பு ஏறாது. பழுத்த பிறகோ ரொம்ப நாள் தாங்காது. பொறுக்குவது, வைப்பது, சமைப்பது எல்லாமே இந்த இரண்டு குணங்களைச் சுற்றித்தான்.

இங்கே பேசுவது சீமை அத்தியைப் பற்றி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு இனம். அதன் பழத்துக்குக் கீழே உள்ள அளவுகளும் நேரங்களும் பொருந்தாது.

மரம் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கலாம். கோடைத் தொடக்கத்தில் வருவது போன ஆண்டுக் கிளையில் பிடித்த காய். பழம் பெரிதாக இருக்கும், சுவை கொஞ்சம் நீர்த்திருக்கும். கோடைக் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலம் வரை வருவது அந்த ஆண்டுத் தளிரில் பிடித்தது. இதுதான் முக்கிய மகசூல். பழம் சிறியது, ஆனால் சர்க்கரை செறிந்தது. முதல் மகசூலைச் சூட்டில் வாட்டிச் சாப்பிடுங்கள். இரண்டாவதைப் பச்சையாகவே தின்னுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இப்படிப் பிரித்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

பொறுக்கும்போது பார்க்க வேண்டியவை

நிறத்தை நம்பாதீர்கள். பிளாக் மிஷன் வகை கறுப்பு ஊதாவாகப் பழுக்கும். பிரவுன் டர்க்கி செம்பழுப்பாகும். கடோட்டாவும் அட்ரியாட்டிக்கும் நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவோ மஞ்சள் கலந்த பச்சையாகவோதான் இருக்கும். பச்சையாக இருக்கிறதே என்று நல்ல கடோட்டாவை ஒதுக்கிவிட்டு, கறுத்திருக்கிறதே என்று கல் மாதிரியான மிஷனை வாங்கி வருவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

கைதான் சரியான கருவி. பழத்தை உள்ளங்கையில் வைத்து விரல்நுனியால் லேசாகத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், தோல் கன்றிவிடும். நடுப்பகுதி மெத்தென்று அமுங்க வேண்டும். காம்பை ஒட்டிய கழுத்தும் தளர்ந்திருக்க வேண்டும். நடு மெத்தென்றும் கழுத்து விறைப்பாகவும் இருந்தால் ஒரு நாள் முன்னதாகப் பறித்திருக்கிறார்கள். பச்சையாகத் தின்றால் சப்பென்றிருக்கும், சூட்டுக்கு ஏற்றது. முழுப் பழமும் விறைப்பாக இருந்தால் வாங்காதீர்கள். அலமாரியில் வைத்தால் அது மெதுவாகும், ஆனால் இனிக்காது.

தோலில் முடி அளவு வெடிப்புகள் இருந்தால் நல்லதே. உள்ளே சதை நிறைந்து தோல் இழுபட்டிருக்கிறது என்று பொருள். சதை வெளியே தெரியும் அளவுக்குப் பிளந்திருந்தால் அன்றே தின்ன வேண்டிய பழம். மழைக்குப் பிறகு பறித்தவற்றில் இப்படிப் பிளந்தவை அதிகம் இருக்கும்.

அடுத்தது அடிப்பக்கத்துக் கண். காம்புக்கு நேர் எதிரே ஒரு சிறு துளை இருக்கும். அங்கே தெளிவான தேன் போல ஒரு சொட்டு நின்றால் அதைவிட நல்ல அறிகுறி இல்லை. அதே இடத்தில் நுரையோ கலங்கிய நீரோ கசிந்து, மூக்கருகே கொண்டுபோனால் காடி வாசனை அடித்தால் உள்ளே புளித்துவிட்டது. பழ ஈக்களும் சிறு வண்டுகளும் அந்தத் துளை வழியாகத்தான் ஈஸ்ட்டை உள்ளே கொண்டுபோகின்றன. வெளித்தோல் பளபளவென்று இருந்தாலும் உள்ளே கெட்டிருக்க முடியும். அதனால்தான் அத்தியை முழுதாகப் பரிமாறுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கீறிப் பார்ப்பது நல்ல பழக்கம். உள்ளே கரித்தூள் போலக் கறுப்புப் பொடி இருந்தால் அது பூஞ்சை. அந்தப் பழத்தை முழுதாகவே தூக்கிப் போடுங்கள், கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள்.

பெட்டியில் அடைத்து விற்பதை வாங்கினால் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அடி ஈரமாக இருந்தால் கீழ் வரிசை நசுங்கியிருக்கிறது.

எவ்வளவு வாங்குவது? நடுத்தரப் பழம் ஒன்று 40 முதல் 50 கிராம் இருக்கும். இரண்டு பேருக்கு 500 கிராம், அதாவது பத்துப் பன்னிரண்டு பழம், இரண்டு நாளுக்குத் தாராளம். பருவம் முடியப் போகிறதே என்று இரண்டு கிலோ வாங்கினால் பாதியை ஜாம் காய்ச்ச வேண்டியிருக்கும். ஜாமுக்கென்றே வாங்குவதானால் சரி.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும்

1. கழுவாதீர்கள். ஈரம் பட்டால் மறுநாளே பூஞ்சை பிடிக்கும். சாப்பிடும் முன்தான் கழுவ வேண்டும்.
2. பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பிரியுங்கள். பிளந்தவை, கசிபவை, மிகவும் குழைந்தவை தனித் தட்டில். இவை இன்றைக்கு.
3. மீதியை, உறிஞ்சு தாள் விரித்த அகலத் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் ஒரே வரிசையாக அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அடியில் இருப்பது தன் எடையாலேயே நசுங்கும்.
4. தளர்வாக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெங்காயம், பூண்டு பக்கத்தில் வேண்டாம். மெல்லிய தோல், வாசனையைப் பிடித்துக்கொள்ளும்.
5. இரண்டு, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். தினமும் ஒரு முறை பார்த்து, கசியத் தொடங்கியதை எடுத்துவிடுங்கள். கெட்ட பழம் ஒன்று இருந்தால் அக்கம்பக்கத்துப் பழங்களுக்கும் பரவும்.

பச்சையாகத் தின்பதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிரில் மணமும் இனிப்பும் மங்கித் தெரியும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்துத் தின்றுவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு.

கழுவுவது, நறுக்குவது, காம்புப் பால்

ஓடும் தண்ணீரில் ஒரு சில நொடி காட்டித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஊறவைத்தால் அடிக்கண் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ச் சதை நீர்த்துவிடும். காம்பின் நுனியை மட்டும் வெட்டுங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி தோலை வெட்டாமல் சதையைப் பிதுக்கும்.

வெட்டிய காம்பில் வெள்ளைப் பால் வந்தால் பழம் முழுதாக விளையவில்லை. அந்தப் பாலில் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும். பால் வரும் பழத்தைப் பச்சையாக நிறையத் தின்றால் நாக்கும் உதட்டோரமும் அரிப்பது இதனால்தான். காம்போடு அரை சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சமைத்துச் சாப்பிடுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும்.

இந்த நொதி சமையலில் இரண்டு இடங்களில் வேலையைக் கெடுக்கும். ஒன்று, பாலும் தயிரும். சமைக்காத அத்தியைப் பாலோடு மிக்ஸியில் அடித்து வைத்துவிட்டால் சற்று நேரத்தில் திரிந்து கசப்பு ஏறும். அடித்த உடனே குடித்தால் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, ஜெலட்டின். அதுவும் புரதம்தான் என்பதால் சமைக்காத அத்தி சேர்த்த ஜெல்லி உறையாமல் தண்ணீராகவே நிற்கலாம். பழத்தை ஒரு கொதி விட்டுச் சேர்த்தால் உறையும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் புரதம் அல்ல, அதனால் அதில் இந்தத் தொல்லை கிடையாது.

சொந்த மரத்திலிருந்து பறிப்பவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்வது நல்லது. இலையிலும் காம்பிலும் வரும் பால் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளிக்கும். உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பழத்துக்குள் செத்த குளவி இருக்குமா என்ற கேள்வி இங்கே தவறாமல் வரும். சிமிர்னா வகை காய்க்க ஒரு சிறு குளவி பூவுக்குள் நுழைந்தாக வேண்டும். உள்ளே இறக்கும் குளவியை மேலே சொன்ன நொதி பெரும்பாலும் சிதைத்துவிடும். பிளாக் மிஷன், பிரவுன் டர்க்கி, கடோட்டா போன்றவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே பழுப்பவை, குளவி தேவையில்லை. எந்த வகையானாலும் பல்லில் நறநறப்பது விதை.

சேர்க்கை: அத்திக்கு இல்லாததைக் கொடுங்கள்

நூறு கிராம் புதுப் பழத்தில் 16 கிராம் சர்க்கரையும் 3 கிராம் நார்ச்சத்தும் இருக்கும். புளிப்போ மிகக் குறைவு. தனியாக நாலு பழம் தின்றால் ஐந்தாவது திகட்டுவதற்குக் காரணம் அதுதான். எனவே எந்த உணவில் சேர்த்தாலும் நான்கில் இரண்டையாவது கூடச் சேருங்கள்: புளிப்பு (எலுமிச்சை, வினிகர், தயிர்), உப்பு (உப்புச் சீஸ், அல்லது வெறும் ஒரு சிட்டிகை உப்பு), கொழுப்பு (வெண்ணெய், ஆலிவ் எண்ணெய், பருப்பு வகைகள்), மொறுமொறுப்பு (டோஸ்ட், வறுத்த வால்நட், பாதாம்). இன்னும் இனிப்பு சேர்ப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. பழுத்த அத்தியின் மேல் தேன் ஊற்றிய படங்கள் அழகாக இருக்கும், வாயில் போட்டால் ஒரே இனிப்பு. தேனை, சுவை குறைந்த பழத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே வரும் அளவுகள் இரண்டு பேருக்கு. தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி.

டோஸ்ட்

தேவை: ஒரு சென்டிமீட்டர் தடிமனாக வெட்டிய ரொட்டித் துண்டு 4, பழுத்த அத்தி 4, மென்மையான சீஸ் 80 கிராம் (ஆட்டுப்பால் சீஸ், ரிக்கோட்டா, கிரீம் சீஸ் எதுவும் சரி), வால்நட் 4, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு.

ரொட்டியை இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்க வாட்டி, ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போதே தடவினால் சீஸ் உருகி ரொட்டி நனைந்துவிடும். சீஸை ஓரம் வரை தடவுங்கள். பழச்சாறு ரொட்டியில் இறங்காமல் தடுப்பது அதுதான். அத்தியை நீளவாக்கில் நான்காக வெட்டி, தோல்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, கத்தியின் முதுகால் லேசாக அழுத்துங்கள். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, உப்பு, மிளகு, உடைத்த வால்நட். ரிக்கோட்டாவில் உப்பு குறைவு, அதனால் அதற்குக் கூடக் கொஞ்சம் உப்பு வேண்டும். செய்த பத்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டிய உணவு இது. டப்பாவில் கட்டிக் கொண்டுபோவதானால் பழத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தயிர்க் கிண்ணமும் ஓட்ஸும்

தயிர் தண்ணீர் விடாததாக இருக்க வேண்டும். 300 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் வடியவிட்டால் சரியான பதம் வரும். அதை இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஆளுக்கு மூன்று அத்தியை ஆறாக வெட்டி மேலே வைத்து, வறுத்த பாதாம் ஒரு மேசைக்கரண்டி தூவிச் சாப்பிடலாம். முதல் நாள் இரவே கலந்து வைத்துவிட்டுக் காலையில் எடுப்பது அத்திக்கு ஒத்துவராது. தயிர் நீர்த்து, லேசாகக் கசக்கும்.

ஓட்ஸில் பாதிப் பழம் உள்ளே, பாதிப் பழம் மேலே. 80 கிராம் ஓட்ஸை 400 மில்லி தண்ணீரிலோ பாலிலோ கொதிக்கவிட்டு, இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன் நறுக்கிய மூன்று அத்தியும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். சதை கரைந்து கஞ்சிக்கே இனிப்புக் கொடுத்துவிடும், சர்க்கரை வேண்டியதில்லை. பால் என்றால் நன்றாகக் கொதித்த பிறகு போடுங்கள். இளஞ்சூட்டில் போட்டால் திரியும்.

இலைச் சாலட்

நூறு கிராம் இலை (லெட்யூஸுடன், கிடைத்தால் ரொக்கெட் போலக் காரம் உள்ள இலையும் கலந்து), ஆறு அத்தி, உப்புச் சீஸ் 60 கிராம், வறுத்த வால்நட் 30 கிராம். மேலே ஊற்ற: ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, மிளகு.

வழக்கமான சாலட்டில் எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு என்று கலப்பார்கள். இங்கே இரண்டுக்கு ஒன்று. பழத்தின் இனிப்பை ஈடுகட்ட அவ்வளவு புளிப்பு தேவை. இலையைக் கழுவிய பிறகு முழுதாக உலர்த்துங்கள். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது, எல்லாம் அடியில் போய் நிற்கும். இலையையும் எண்ணெய்க் கலவையையும் மட்டும் கையால் புரட்டி, தட்டில் பரப்பிய பிறகு அத்தியை மேலே வையுங்கள். அத்தியையும் சேர்த்துப் புரட்டினால் விதையும் சதையும் இலையெல்லாம் ஒட்டிக் கூழாகிவிடும்.

வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் சேர்த்தால் இதுவே ஒரு வேளை உணவு. கடலையில் தனியாக உப்பும் எலுமிச்சையும் பிசிறிய பிறகு சேருங்கள்.

தவாவில் வாட்டியது

அரைகுறையாகப் பழுத்த அத்தியைக் காப்பாற்றுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

1. ஆறு பழத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தை உறிஞ்சு தாளில் ஒரு நிமிடம் கவிழ்த்து வையுங்கள். ஈரம் இருந்தால் சிவக்காது, அவியும்.
2. அடி கனமான தவாவை நடுத்தரச் சூட்டில் வைத்து, இரண்டு தேக்கரண்டி வெண்ணெய் போடுங்கள். நுரை அடங்கியதும் பழத்தை வெட்டிய பக்கம் கீழாக வையுங்கள்.
3. இரண்டு, மூன்று நிமிடம் தொடாதீர்கள். நகர்த்திப் பார்க்க ஆசை வரும். நகர்த்தினால் ஒட்டிக் கிழியும். சிவந்ததும் தானாகவே விட்டு வரும்.
4. திருப்பி, தோல்பக்கம் ஒரு நிமிடம். அடுப்பை அணைத்து ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவுங்கள்.

பெரும் தீயில் வைத்தால் என்ன ஆகும்? அத்தியின் சர்க்கரை பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். ஃபிரக்டோஸ் 110 டிகிரி செல்சியஸ் அளவிலேயே பழுப்பாகத் தொடங்கும். சாதாரணச் சர்க்கரைக்கு 160 டிகிரி வேண்டும். வெங்காயம் வதக்கும் சூட்டை நினைத்துக்கொண்டு அத்தியைப் போட்டால் உள்ளே சூடேறும் முன்பே வெளியே கருகிக் கசக்கும். வினிகரைத் தீயோடு விட்டால் ஆவி கண்ணை எரிக்கும், அதனால்தான் அணைத்த பிறகு.

இதை டோஸ்ட் மேலும் வைக்கலாம், தயிரோடும் சாப்பிடலாம், வறுத்த கோழிக்குப் பக்கத்திலும் வைக்கலாம். வெனிலா ஐஸ்கிரீமோடு சேர்த்தால் விருந்தாளிக்கு இன்னொரு இனிப்பு தேவைப்படாது.

ஓவனில்

எட்டுப் பழத்தின் தலையில் சிலுவை போலக் கீறுங்கள். அடி வரை போக வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு ஆழம் போதும். அடியை லேசாக அமுக்கினால் நாலு இதழாக விரியும். ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி சிறிய தட்டில் நெருக்கி அடுக்குங்கள். பெரிய தட்டில் பரப்பினால் சாறு ஓடி ஓரத்தில் கருகும். ஒவ்வொன்றிலும் மிளகளவு வெண்ணெய், சிட்டிகை உப்பு. பழம் சப்பென்றிருந்தால் அரைத் தேக்கரண்டி தேன். 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிய ஓவனில் 12 முதல் 15 நிமிடம். தட்டின் அடியில் சாறு இறங்கிக் குமிழியிட்டால் ஆயிற்று. அந்தச் சாற்றில் அரை எலுமிச்சையைப் பிழிந்து மேலே ஊற்றுங்கள். மிகக் கனிந்த பழத்துக்கு இது ஏற்றதல்ல, குழைந்து உட்கார்ந்துவிடும்.

வெங்காயமும் அத்தியும்

உப்பு உணவில் அத்தியா என்று தயங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். இரண்டு பெரிய வெங்காயத்தை (250 கிராம்) மெல்லிசாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் அரைத் தேக்கரண்டி உப்போடு சிறு தீயில் பதினைந்து நிமிடம் வதக்குங்கள். சுருண்டு பொன்னிறமாக வேண்டும். அவசரப்பட்டு அரைவேக்காட்டில் விட்டால் வெங்காயக் காரமும் பழ இனிப்பும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். பிறகு பொடியாக நறுக்கிய ஆறு அத்தி, வினிகர் 2 மேசைக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி. எட்டு முதல் பத்து நிமிடத்தில் கெட்டியாகும். கரண்டியால் இழுத்தால் தடம் ஒரு நொடி நிற்க வேண்டும்.

இது ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் இருக்கும். சாண்ட்விச்சில் தடவ, வறுத்த இறைச்சிக்கும் சுட்ட காளானுக்கும் தொட்டுக்கொள்ள, வெந்த தானியத்தில் பிசைய எல்லாவற்றுக்கும் ஆகும். எல்லாச் செய்முறைகளிலும் பருவத்தில் திரும்பத் திரும்பச் செய்யத் தக்கது இதுதான்.

உலர்ந்த அத்திக்கு எழுதிய கேக், பிஸ்கட் செய்முறையில் அதே எடைக்குப் புதுப் பழத்தைப் போடாதீர்கள். புதுப் பழத்தில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். மாவு தளர்ந்து நடுவில் வேகாமல் நிற்கும்.

யார் பார்த்துச் சாப்பிட வேண்டும்

நாளுக்கு மூன்று, நாலு பழம் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தராது. பழக்கம் இல்லாமல் ஒரே மூச்சில் பத்துத் தின்றால் வயிறு இளகும். நீரிழிவு உள்ளவர்கள் பழத்தின் சர்க்கரையை அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நடுத்தரப் பழத்தில் 7, 8 கிராம் இருக்கும். ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கும் ஃபைகஸ் பெஞ்சமினா செடியால் தும்மல் வருபவர்களுக்கும் அத்தியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வாய் அரித்தாலோ உதடு வீங்கினாலோ மேலே தின்னாமல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சு இழுத்தால் காத்திருக்கவே கூடாது.

மிஞ்சினால்

உறையவைப்பதுதான் சுலபம். கழுவித் துடைத்து, காம்பு நீக்கி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி ஃப்ரீசரில் கல்லாக உறையவிட்டு, பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். நேராகப் பையில் போட்டால் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மைனஸ் 18 டிகிரியில் ஆறு முதல் எட்டு மாதம் சுவை குறையாது. உருகியதும் சதை குழையும் என்பதால் சாலட்டுக்கு ஆகாது. ஓட்ஸுக்கும் ஜாமுக்கும் மேலே சொன்ன வெங்காயக் கலவைக்கும் ஆகும்.

ஜாமுக்கு: நறுக்கிய அத்தி 500 கிராம், சர்க்கரை 200 கிராம், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. மூன்றையும் கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் சாறு விடும். பிறகு நடுத்தரத் தீயில் 25 முதல் 30 நிமிடம் கிளறுங்கள். கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது, விதைகள் அடியில் தங்கிச் சட்டென்று பிடிக்கும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு வைத்து விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும். சர்க்கரை குறைவாக இருப்பதால் இது ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று வாரத்தில் முடிக்க வேண்டிய ஜாம். அலமாரியில் வைக்காதீர்கள். புளிப்பைக் காட்டும் பிஹெச் எண் கூடினால் புளிப்பு குறைவு என்று பொருள்; அத்தியில் அது பாதுகாப்பு எல்லையான 4.6-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்த நிலையில் காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயைத் தரும் கிருமி வளர முடியும். மாதக்கணக்கில் வெளியே வைக்கும்படி பாட்டிலில் அடைக்க வேண்டுமென்றால் சோதித்து அங்கீகரித்த செய்முறையை, எலுமிச்சை அளவைக் குறைக்காமல், அப்படியே பின்பற்ற வேண்டும்.

உலர்த்துவதற்கு நன்றாகப் பழுத்தவையே வேண்டும். இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்க, உலர்த்தியில் 57 முதல் 60 டிகிரியில் வையுங்கள். பழத்தின் பருமனைப் பொறுத்துப் பத்து மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகும். மடக்கினால் வளைய வேண்டும், பிதுக்கினால் ஈரம் வரக் கூடாது. ஆறியதும் கண்ணாடிச் சாடியில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, ஒரு வாரம் தினமும் ஒரு குலுக்குக் குலுக்குங்கள். உட்புறம் வியர்த்தால் இன்னும் காயவில்லை, திரும்ப உலர்த்தியில் வைக்க வேண்டும்.

சொந்த மரம் உள்ளவர்களுக்குப் பருவக் கடைசியில் இன்னொரு மிச்சம் இருக்கும்: குளிர் வந்த பிறகு இனிப் பழுக்கப் போவதில்லை என்று தெரிந்த பச்சைக் காய்கள். பச்சையாகத் தின்ன முடியாது, பால் நிறைந்திருக்கும். கட்டைவிரல் பருமன் உள்ள காய்களாக 500 கிராம் பொறுக்கி, கையுறையோடு காம்பை வெட்டி, ஒவ்வொன்றிலும் குச்சியால் இரண்டு துளை போடுங்கள். தண்ணீரில் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரில் இன்னும் இரண்டு முறை இதையே செய்தால் பாலும் கசப்பும் இறங்கிவிடும். குச்சி தடையில்லாமல் உள்ளே இறங்கும் வரை வெந்திருக்க வேண்டும். வேகாத காயைச் சர்க்கரையில் போட்டால் தோல் இறுகி, பிறகு எவ்வளவு கொதித்தாலும் மெதுவாகாது. 400 கிராம் சர்க்கரையை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் காய்களைப் போட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். காய் கண்ணாடி போலத் தெளிந்து, பாகு கரண்டியில் ஒட்டி இறங்கும்போது இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும். பாகுக்கு மேலே காய் தலை நீட்டாதபடி மூழ்கியிருக்க வேண்டும்.